கிணற்றடியில் வழுக்கி விழுந்தவர்கள்

உத்திரமேரூரிலிருந்து பெருநகர் போகும் பஸ்ஸில், கையில் மாவுக்கட்டு போட்ட ஒரு பெண் எனக்கு முன் சீட்டில் இருந்தாள். பக்கத்தில் அவள் ஊர்க்கார அம்மாள். ஐம்பத்தைந்து வயது இருக்கும்.

"எம் புருசன் மேல கம்ப்ளைன்ட் குடுத்தது நான் இல்ல பெரிம்மா. எங்க மாமியாரு."

"பெத்த புள்ள மேலயா? இன்னாடி சொல்ற?"

"ஆஸ்பத்திரில டாக்டரம்மா கேட்டாங்க. பாத்ரூம்ல வழுக்கி வுழுந்துட்டேன்னு சொன்னேன். பக்கத்துல நின்னுக்கினு இருந்த மாமியாரு, 'இல்லம்மா, எம் புள்ளதான் கட்டையால அடிச்சான்'னு சொல்லிட்டாங்க."

"ஏன் அப்பிடி சொன்னாங்களாம்?"

"நானும் கேட்டேன். அவங்க கண்ணாலம் ஆயி வந்த புதுசுல மாமனாரு அடிச்சி பல்லு போயிடுச்சாம். கெணத்தாண்ட வழுக்கி வுழுந்தேன்னு சொல்லச் சொன்னது அவங்க மாமியாராம். அந்தம்மாவுக்கும் அவங்க மாமியாரு அதையேதான் சொல்லிக் குடுத்தாங்களாம். 'இந்த வூட்டுப் பொம்பளைங்க வழுக்கி வுழுந்தது போதும்'னாங்க."

"புள்ள மேல பாசம் இல்லயா?"

"கீது. போலீஸ் இட்டுக்கினு போனப்ப அப்பிடி அழுதாங்க. ஆனா சொன்னத மாத்தல."

பஸ் இரண்டு நிறுத்தங்களைத் தாண்டியது. அந்த அம்மாள் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"உங்க மாமியாரு இப்ப வூட்ல இருப்பாங்களா? எம் புள்ள அடிச்சதுக்கு, மருமவ கதவுல இடிச்சிக்கிச்சின்னு ஊரெல்லாம் நான்தான் சொல்லிக்கினு கீறேன்."