எந்த லைனும்மா நீ?

...அதத்தாம்மா சொல்றேன், இப்பல்லாம் ஆளப் பாத்தா ஒண்ணும் புரியமாட்டேங்குது. முன்ன அப்படியா? எங்கப்பா இதே கல்லாவுல ஒக்காந்துகினு, ஒருத்தன் வாசப்படியில கால வெக்கறதுக்குள்ள சொல்லிடுவாரு. இது கேஜுல சொரங்கத்துக்குள்ள எறங்கற ஆளு, இது ஆபீஸ் ஆளு, இது பங்களாவுல சமைக்கற ஆளுன்னு. இப்ப எல்லாம் ஜீன்ஸ மாட்டிகினு, முதுவுல ஒரு பையத் தொங்கவுட்டுகினு பெங்களூரு ரயிலுக்கு ஓடுதுங்க. யாரு இன்னான்னு எப்படிக் கண்டுபுடிக்கறது? வியாபாரம் பண்றவனுக்கு எவ்ளோ கஷ்டம் தெரியுமா... அந்தத் தாம்பாளம் வேணாம்மா, ஓரம் நெளிஞ்சி கீது. அதுக்கு அடியில இருக்கறத எடு. ஆங், அதுதான். நல்ல கனம்.

விசேஷம்னியே, பையனுக்கா? பொண்ணு வூட்டுக்குத் தட்டு எடுத்துகினு போவணுமா? நல்லது, நல்லது. தாம்பாளம் கனமா இருந்தாத்தான் போற எடத்துல மரியாத.

டீய எடுத்துக்க, ஆறிடப் போவுது. பேப்பர் கப்புதான், தப்பா நெனச்சிக்காத. கழுவ ஆளு கெடையாது. இன்னா பாக்கற? இதுவா? இந்த ஸ்டீல் டம்ளரு என்னுது. பக்கத்துல கவுத்து வெச்சிருக்கறது... வேண்டியவங்க யாராவது வந்தா குடுக்கறது. பாத்திரக் கடையில டம்ளருக்குப் பஞ்சமான்னுதான பாக்கற? அதெல்லாம் விக்கறதும்மா.

நீ உள்ள வந்ததும் எந்த லைனும்மான்னு கேட்டனே, அதுல ஒண்ணும் வருத்தமில்லயே? சும்மா ஒரு பேச்சுக்கு. இந்த ஊர்ல ஜாதி எவன் கேக்கறான்? இந்த வேணுகோபால் வாயத் தொறந்து இதுவரைக்கும் ஒருத்தர ஜாதி கேட்டதா சரித்திரமே கெடையாது. லைன் கேட்டாப் போதும். வெள்ளக்காரன் தங்க மைன்ஸ் ஆளுங்களுக்கு வூடு குடுக்கறப்பவே இன்னாருக்கு இந்த லைனுன்னு வரிசையாப் பிரிச்சி வெச்சிட்டுப் போயிட்டான். அவன் பண்ண வேல. மைன்ஸ் மூடினாலும் வரிச அப்படியே கீது, அதுக்கு நான் இன்னா பண்றது? நீ சாம்பியன் ரீப்ஸ், பாதாமரத்து லைன்னு சொன்ன. நான் சரின்னேன். அவ்ளோதான். மேல ஒரு கேள்வி கேட்டனா? பேரு கூடக் கேக்கல.

நம்ம ஊரு மாதிரி ஒத்தும எங்கம்மா கீது? நாலு வூட்டுக்கு ஒரு பாஷ. இந்தப் பக்கம் தெலுங்கு, அந்தப் பக்கம் கன்னடம், நடுவுல நாம. பர்னபாஸ்னு ஒருத்தன், எங்கூடப் படிச்சவன். வருஷா வருஷம் கிறிஸ்மஸ்க்கு கேக்கு எடுத்துகினு வரான். நான் சாப்புடறது இல்ல, அது வேற விஷயம். அவன் தெருமுன தாண்டினதும் பாத்திரம் தேய்க்கறவளக் கூப்ட்டுக் குடுத்துடுவேன். ஆனா கைய நீட்டி வாங்கறேன் இல்ல? சிரிச்சிகினே வாங்கறேன் இல்ல? அதும்மா ஒத்தும.

இப்ப எம்பொண்ணையே எடுத்துக்க. சுமா. பெங்களூருல வேல. காலையில ரயிலு, சாயங்காலம் ரயிலு. அந்த ரயில்லயே ஒருத்தன புடிச்சிட்டா. ஒரே ஆபீஸாம். எனக்கு நெஞ்சு அடச்சிப்போச்சு. பஜாருல தல காட்ட முடியுமா? எந்த லைனோ, எந்தப் பள்ளமோன்னு தூக்கமே இல்ல. அப்புறம் ஒரு நாளு அவ போனுல பேசறது காதுல வுழுந்துச்சு. அத்தனையும் கன்னடம். அப்பாடான்னு மூச்சு வந்துச்சு. ஆபீஸ் பழக்கம்ப்பா, ரெண்டு பேருக்கும் அப்படியே வந்துடுதுன்னா. எனக்கா தெரியாது? கன்னடத்துப் பையன். அவனுக்கு லைனும் கெடையாது, ஒண்ணும் கெடையாது. சொந்தக்காரன் எவனாவது மூக்க நீட்டினாலும், பெரிய எடம்னு ஒரே வார்த்தையில வாய அடச்சிடலாம். நான் பாஷ பாக்கறவன் இல்லம்மா. அந்த விஷயத்துல எனக்குப் பரந்த மனசு.

பையன் வூட்டுக்கு வந்தான். பிரதாப்னு பேரு. அவன் செருப்பக் கழட்டறதுக்குள்ளயே நான் "பன்னி, பன்னி, கூத்கொள்ளி"ன்னு, அவங்க பாஷயிலயே வாங்க ஒக்காருங்கன்னு ஆரம்பிச்சிட்டேன். அவன் ஒரு மாதிரி சுமாவப் பாத்தான். சுமா என்னப் பாத்தா. அப்புறம் அவனும் கன்னடத்துலயே பேசினான். இன்னா கன்னடங்கற, அப்படியே தேனு. எங்க இருக்கறதுன்னு கேட்டேன், ரயிலுக்கு வசதியா பங்காருபேட்டையில ரூம் எடுத்துகினு கீறானாம். அப்பா இல்ல, அம்மா மட்டும். பேரு கிருஷ்ணம்மாவாம். பேருலயே தெரியல? தோட்டம் தொரவோட வாழ்ற குடும்பம். எங்கம்மா சீராக் கொண்டாந்த வெள்ளி டம்ளருலதான் அவனுக்குக் காப்பி. அதக் கையில வெச்சிகினு ரொம்ப நேரம் பாத்துகினே இருந்தான். மரியாத தெரிஞ்ச புள்ள.

இந்த சுமாதான் நடுவுல நடுவுல "அப்பா, ஒரு விஷயம் சொல்லணும்"னு ஆரம்பிப்பா. பெரியவங்க பேசறப்ப குறுக்க பேசலாமா? கையக் காட்டி நிறுத்திடுவேன். நேத்து கூட "அப்பா, அவங்க வூடு இருக்கறது"ன்னு இழுத்தா. வூடு பெருசோ சின்னதோ எனக்கு இன்னா, நான் மனுஷாளப் பாக்கறவன்னுட்டேன். எழுந்து உள்ள போயிட்டா. எவ்ளோ பெருமையா இருந்திருக்கும் அவளுக்கு.

இன்னிக்கி சாயங்காலம் அந்தம்மா வூட்டுக்கு வராங்க. பேசி முடிக்க. பஜார் பூரா சொல்லிட்டேன்... நானாச் சொல்லல, கேட்டவங்களுக்கு மட்டும். கேக்காதவங்களக் கேக்க வெச்சி சொன்னேன்னு வெச்சிக்கயேன். நல்லபடியா முடியணும்மா. ஒரே பொண்ணு. அவ சிரிச்சிப் பேசியே எவ்ளோ நாளாச்சு. அதுக்குத்தான் அந்த வெள்ளி டம்ளர கடைக்கு எடுத்தாந்து தேச்சிகினு கீறேன், பாரு பளபளன்னு... தொடாதம்மா. இல்ல இல்ல, நீ தொடல, பாத்துகினுதான் இருந்தேன். சும்மா சொன்னேன். நானே இப்படி நகத்தி வெச்சிக்கறேன். கப்புல இருக்கற டீ சிந்திடும் பாரு, அதுக்குத்தான்.

நீ ரொம்ப அமைதிம்மா. எங்க வூட்டுல இருக்கறதுங்களும் இப்படி இருந்தா எவ்ளோ நல்லா இருக்கும். ஆமா, உள்ள வந்ததும் என்னவோ சொல்ல வந்தியே. நான்தான் லைன் கேட்டுட்டு தாம்பாளம் எடுக்கப் போயிட்டேன். இன்னா அது?

இரு இரு, போனு. எம்பொண்ணுதான். ஹலோ... சொல்லு சுமா. இன்னும் இல்லம்மா, சாயங்காலம்தான... இன்னா, அந்தம்மா கடைக்கு வராங்களா? தாம்பாளம் நம்ம கடையிலயே வாங்கணும்னு சொன்னாங்களா? பாத்தியா, அதுதாம்மா பெரிய மனுஷத்தனம். இல்லியே, யாரும் வரலியே. காரு ஒண்ணும் நிக்கல. ஒரு அம்மா மட்டும் ஒக்காந்துகினு கீது. நம்ம சாம்பியன் ரீப்ஸ், பாதாமரத்து...

...

ஆமா. பச்ச சேலதான். கண்ணாடி போட்டுகினு... ஆமா, தாம்பாளம்தான் பாக்கறாங்க.

...

நீ... நீங்க ஒக்காருங்கம்மா. ஏன் எழுந்துட்டீங்க? கூத்கொள்ளி... அய்யோ, ஒக்காருங்க. இதோ, இந்த டம்ளருல ஊத்தித் தரேன், சூடா வேற டீ வாங்கியாறேன். அந்தத் தாம்பாளத்த ஏம்மா திருப்பி அடுக்குல வெக்கறீங்க? அது ஒங்களுதுதான், எடுத்துகினு போங்க. டீயத் தொடக்கூட இல்லியே நீங்க... படியப் பாத்து எறங்குங்க. அம்மா. கிருஷ்ணம்மா. சம்மந்தியம்மா...

...இல்ல சுமா, போயிட்டாங்க. ரோட்டத் தாண்டிட்டாங்க, பஸ் ஸ்டாண்டு பக்கம் திரும்பிட்டாங்க. நீ அழுவாத. நான் தப்பா ஒண்ணும் பேசலம்மா. ஜாதின்னு ஒரு வார்த்த, ஒங்கம்மா மேல சத்தியமா, வாயில வரவேயில்ல. மரியாதையா ஒக்கார வெச்சிதான் பேசினேன். டீ கூடக் குடுத்தேன்.

இன்னா?

...எதுல குடுத்தேனா?