கர்சீப் போட்ட இடம்

விளக்கு எரியட்டும், அணைக்க வேண்டாம். நெருங்கி உட்காருங்கள். நம்பாதவர்கள் இப்போதே எழுந்து போகலாம்... தனியாகத்தான் போக வேண்டும். வேலுமணி ஏன் காலேஜ் பஸ்ஸை விட்டுவிட்டு பைக்கில் போகிறான் என்று கேட்டீர்களே, அதைத்தான் சொல்கிறேன். அவன் பெரியம்மா மகள் தேவிப்ரியாவுக்கு நடந்தது இது.

காலை ஐந்தே முக்கால். வெண்ணந்தூருக்கு வெளியே ஒற்றைத் தார்ச்சாலை. இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மரவள்ளிக் காடு. ஐப்பசி மாத மழைமூட்டம், விடியும் அறிகுறியே இல்லை. தூரத்தில் பஸ் விளக்கு தெரியும்வரை அவள் மட்டும்தான் அங்கே நிற்பாள்.

முதல் வருடம். சேர்ந்து இரண்டு மாதமாகியும் ஒரு சிநேகிதி கிடையாது. பாடம் பாதி புரியாது. கேன்டீனில் தனியாகச் சாப்பாடு. பஸ்ஸிலோ, முதலில் ஏறுகிறவள் அடுத்த ஊரில் ஏறும் தோழிக்கு கர்சீப் போட்டு இடம் பிடிப்பாள். போட்ட கர்சீப்பை யாரும் எடுக்க மாட்டார்கள், அது அங்கே சட்டம் மாதிரி. தேவிக்கு யார் போடுவார்கள்? கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அப்பா காளியண்ணனிடம் அழுதால் ஒரே பதில்தான்.

"பழகிரும் சாமி. போயிட்டு வா."

ராசிபுரத்துக்கு முன்னால், மரவள்ளிக் கிழங்கிலிருந்து ஜவ்வரிசி செய்யும் ஒரு சேகோ ஆலை. மூடி வெகுநாளாகிறது. அங்கே ஏற ஆளே கிடையாது. ஆனாலும் டிரைவர் சென்றாயன் நிறுத்துவார். கதவு திறக்கும். கொஞ்ச நேரம்... மூடும். ஆலை வருகிறது என்றாலே பஸ்ஸில் அத்தனை ஜன்னலையும் படபடவென்று இழுத்துச் சாத்துவார்கள். புளித்த கிழங்குப் பால் வாடை குடலைப் பிடுங்கும். அதற்குத்தான் மூடுகிறார்கள் என்று தேவி நினைத்தாள். மூடிக் கிடக்கும் ஆலைக்கு ஏது வாடை என்று அவள் யோசிக்கவில்லை, பாவம். அவளிடம் யாரும் சொல்லவும் இல்லை.

தீபாவளிக்கு மறுநாள் பஸ்ஸில் பாதிக் கூட்டம்தான். தேவிக்கு முதல்முறையாக ஜன்னலோர இடம். தின்ற அதிரசம் நெஞ்சிலேயே நின்றது. ஆலை வந்தது. ஜன்னல்கள் மூடின. மூச்சு முட்டியது... தன் கண்ணாடியை மட்டும் ஒரு சாண் நகர்த்தினாள்.

கீழே இருட்டுக்குள்ளிருந்து ஒரு கை. கையில் ஈரக் கர்சீப்.

"ஏம்புள்ள, எனக்கொரு எடம் போட்டு வெய்யி. இதா வந்தர்றேன்."

இந்த இரண்டு மாதத்தில் அவளிடம் ஒருத்தி கேட்ட முதல் உதவி அது. தேவிக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

"வா புள்ள. போட்டு வெக்கறேன்" என்று வாங்கிப் பக்கத்தில் விரித்தாள்.

கதவு மூடியது. யாரும் ஏறவில்லை. முன்சீட்டில் இருந்த சீனியர் சுகன்யா திரும்பிக் கர்சீப்பைப் பார்த்தாள். பையை எடுத்துக்கொண்டு வேறு இடத்துக்குப் போய்விட்டாள்.

அன்று பிடித்தது வினை. கர்சீப்பை வீசி எறிந்தாள். மறுநாள் அதே இடத்தில் விரிந்து கிடந்தது, சொட்டச் சொட்ட. எவ்வளவு நெரிசலானாலும் அந்த இரண்டு இடத்தை அவளுக்கென்று விட்டுவிட்டு விலகி நின்றார்கள். டவுன் பஸ்ஸில் போய்ப் பார்த்தாள். கண்டக்டர் கேட்காமலே இரண்டு டிக்கெட் கிழித்துக் கொடுத்தார். இலவச டிக்கெட்தான்... ஆனாலும் இரண்டு. வகுப்பில் அவள் பெஞ்சில் பக்கத்து இடம் எப்போதும் ஈரம். புளித்த வாடை. காலேஜே வேண்டாம் என்று வீட்டில் காலைப் பிடித்து அழுதாள். "பழகிரும் சாமி" என்றார் அப்பா.

கடைசியில் சுகன்யாவை வழிமறித்தாள்.

"அக்கா, நான் என்ன பண்ணட்டுங்க?"

"எடம் போடறேன்னு ஒத்துக்கிட்டீல்ல? அவ வந்து உக்கார்ற வரைக்கும் உன்ன உடமாட்டா."

"அவ யாருங்க்கா?"

"தெரியாது. நாங்க யாரும் ஜன்னலத் தொறந்ததில்ல."

அன்று சாயங்காலம் தேவி வேலுமணிக்குப் போன் செய்தாள். அப்போது அவன் பன்னிரண்டாவது படித்துக்கொண்டிருந்தான்.

"நாளைக்கு எறங்கி அவ கையிலயே குடுத்தர்றேன்டா. எனக்கு அந்த எடமே வேண்டாம், நீயே உக்காந்துக்கன்னு சொல்லிருவேன்."

சொன்னபடி செய்தாள். ஆலை முன் கதவு திறந்ததும் கர்சீப்போடு இறங்கினாள். ஜல்லியில் செருப்புச் சத்தம்... சரக், சரக்... நின்றது. சற்று நேரத்தில் வெறுங்கையோடு ஏறி வந்தாள். ஜன்னலோரம் உட்கார்ந்தாள். வாடை போயிருந்தது. சுகன்யாவே வந்து பக்கத்தில் உட்கார்ந்தாளாம்.

அதன்பிறகு தேவிக்கு எல்லாம் கூடி வந்தது. சிநேகிதிகள், சிரிப்பு, எல்லாப் பாடத்திலும் நல்ல மார்க். "நான் சொன்னனல்ல, பழகிரும்னு" என்று காளியண்ணன் ஊரெல்லாம் சொல்லிச் சொல்லிப் பூரித்தார்.

இந்த வருடம் வேலுமணியும் அதே கல்லூரியில் சேர்ந்தான். முதல் நாள், அடுத்த ஊரில் ஏறிய அவனுக்குத் தேவியக்காவே கர்சீப் போட்டு ஜன்னலோர இடம் பிடித்து வைத்திருந்தாள். ஆலை வந்தது. ஜன்னல்கள் சாத்தப்பட்டன. அவன் பக்கத்துக் கண்ணாடி மட்டும் இறுகிக்கொண்டு நகரவில்லை.

வெளியே ஜல்லியில் யாரோ ஓடி வந்தார்கள். சரக், சரக், சரக்... ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றது.

"வேலுக்குட்டி... நான்தான்டா. எனக்கொரு எடம் போட்டு வெய்யிடா... வேலுக்குட்டி..."

சின்ன வயதிலிருந்து அவனை அப்படிக் கூப்பிடுகிறவள் ஒருத்திதான். அழுது அழுது கம்மிப்போன குரல். ஆனால் தேவியக்காவின் குரல்தான். பக்கத்தில் திரும்பிப் பார்த்தான்.

பக்கத்தில் இருந்த அக்கா போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. ஒரு கையை மட்டும் அவன் குறுக்கே நீட்டிக் கண்ணாடியை இழுத்துச் சாத்தினாள். அந்தக் கையிலிருந்து அவன் மடியில் வெள்ளையாக ஏதோ சொட்டியது.

"நாத்தமடிக்குதல்ல? போகப் போகப் பழகிரும் சாமி."