மேக்கு வாசல்

கதவு கெடக்கட்டும் மேடம், சாத்தாதீக. யாரும் ஒட்டுக்கேக்க மாட்டாக, தெருவுல அம்புட்டுப் பேரும் கம்பெனிக்குப் போயிட்டாக. காத்தா? ஆடின்னா அப்படித்தான், மண்ண அள்ளித் தூத்தும். ஃபாரத்த மடியில அமுக்கிப் பிடிச்சுக்கங்க.

பெத்தணன்... ஆமா, அதான் எங்க வீட்டுக்காரரு. இப்ப வந்துருவாரு. மதுரையிலயிருந்து மேடம் வந்திருக்காகன்னதும் உங்களுக்குக் கலரு சோடா வாங்கக் கடைக்கு ஓடியிருக்காரு. இன்னைக்கு இன்னும் குடிக்கல. நல்ல மனுசன் மேடம், அத மொதல்ல எழுதிக்கங்க.

நீங்க சுனாமியில தப்பிச்ச சனங்ககிட்டயெல்லாம் பேசுனீகளாம்ல? ஆஸ்பத்திரியில சொன்னாக. எங்க பட்டாசுக் கம்பெனி வெடிச்சது அந்தச் சுனாமிக்கு அடுத்த ஆடியில. இந்த ஆடியோட ரெண்டு வருசம்.

என்ன பண்றாருன்னா... டப்புன்னு ஒரு சத்தம் கேட்டாப் போதும், லாரி டயரு வெடிச்சாக்கூட எந்திரிச்சு ஓடுவாரு. ஓடி, கைக்கு ஆம்புட்ட வீட்டுக் கதவப் பிடிச்சு இழுப்பாரு. இந்தத் தெருவுல ரெண்டு வீட்டுக் கைப்பிடியப் பேத்துட்டாரு. அப்புறம் குடி. குடிச்சா ரெண்டு கையையும் தரையில போட்டு அடிப்பாரு, இந்தக் கையில தெம்பில்லையே, தெம்பில்லையேன்னு. தடுக்கப் போனா எனக்கும் விழும். ஊருக்கே தெரியும். எங்க நாத்தனா இருக்கன்குடி கோயிலுக்குக் கூட்டிட்டுப் போயி மொட்டை போட்டா. ஆஸ்பத்திரியில, மனசுக்கு வைத்தியம் பாக்குறவுகன்னு உங்களுக்குச் சீட்டு எழுதிக் குடுத்தாக.

எனக்கா? எனக்கு என்ன மேடம். ஃபாரத்துல கூட வந்தவன்னுதான எம் பேரு இருக்கு? அப்படியே இருக்கட்டும்.

ஆமா, நானும் அதே ரூம்லதான் இருந்தேன். இந்தா பாருங்க, முட்டியிலயிருந்து கணுக்கால் வரைக்கும் தீ பட்டது. கால் ஆறுன கையோட காலண்டர் ஒட்டுற வேலைக்குப் போயிட்டேன். குருவம்மா கல்லு மாதிரி இருக்கான்னாக. தூக்கமா... வாசப்படியில உக்காந்திருப்பேன். அதையும் ஆஸ்பத்திரியில சொன்னேன், ரத்தம் கம்மின்னு செகப்பு மாத்திரை குடுத்தாக. ஆம்பள தூங்கலன்னா மதுரைக்குச் சீட்டு, பொம்பள தூங்கலன்னா ரத்தம் கம்மி. கோவமெல்லாம் இல்ல. சரி, கோவந்தான், இருக்கட்டும்.

அன்னைக்கு நடந்ததா? எழுதாதீக, கேட்டுக்கங்க. புஸ்வாணத்துக்கு மருந்து அடைக்கிற ரூம். நாலு பக்கமும் வாசல் இருக்கும். வேலைக்குச் சேந்த அன்னைக்கே சொல்லிருவாக, தீன்னா பக்கத்துல யாருன்னு திரும்பிப் பாக்கக்கூடாது, அவங்கவங்க வாசல் வழியா ஓடிரணும்னு. கிழக்கு வாசல் எனக்கு. மேக்கு வாசல் வீரலட்சுமிக்கு. எங்கூட ஒரே வேன்ல வாரவ. வேனுக்குள்ள எங்கிட்டதான் தல பின்னிக்குவா.

எங்க வீட்டுக்காரரு மருந்து கொண்டாந்து வைக்கிற ஆளு. அந்த நேரம் வெளிய நின்னாரு. பொகை கெளம்புனதும் நான் கிழக்க குதிச்சுட்டேன். அவ மேக்க ஓடியிருக்கா, கதவு தெறக்கல. உள்ளயிருந்து அவ தட்டுறா, இவரு சுத்தி ஓடிப்போயி வெளியயிருந்து இழுக்குறாரு. உள்ளங்கை வெந்துச்சு, விடல. அப்புறம் தட்டுற சத்தம் நின்னுபோச்சு. அதுதான் மேடம் அவரு சீக்கு. தான் இழுத்த இழுப்பு பத்தலன்னு நெனைக்கிறாரு. ரெண்டு வருசமா அந்தக் கதவத்தான் இழுத்துக்கிட்டுக் கெடக்காரு.

காத்துக்குக் கதவு இறுகிருச்சுன்னு போலீசுல எழுதுனாக. எரிஞ்சு சாம்பலாப் போனதுல என்னத்தப் பாக்குறது.

வேல நேரத்துல கதவச் சாத்தக்கூடாதா... கூடாதுதான் மேடம். சரியாத்தான் கேக்குறீக.

ஆடிக்காத்து. மருந்தத் தூக்கிக் கண்ணுல அடிச்சது. தீவாளி ஆர்டரு, மருந்து சிந்துனா போர்மேன் வாய்க்கு வந்தபடி வைவாரு. வீரலட்சுமி தண்ணி குடிக்கப் போயிருந்தா. நான் எந்திரிச்சுப்போயி மேக்கு வாசலச் சாத்தி, மேல் தாப்பாளப் போட்டேன். எப்பவும் தெறந்தே கெடக்குற கதவு, அதுக்குத் தாப்பாள் எங்கன இருக்குன்னுகூட அவளுக்குத் தெரியாது. வந்தா, கதவுக்கு முதுகக் காட்டி உக்காந்தா. சொல்லணும்னு நெனச்சேன். இந்தப் புஸ்வாணச் சட்டிய அடைச்சுட்டுச் சொல்லுவோம்னு அடைச்சேன். அடுத்த சட்டியும் அடைச்சேன்.

எங்க வீட்டுக் கதவப் பாருங்க, தாப்பாளே இருக்காது. நாந்தான் கழட்டிப் போட்டேன்.

அவரு கையில ஒரு கொறையும் இல்ல மேடம். பத்துப் பேரு இழுத்திருந்தாலும் அது தெறந்திருக்காது. அவரு தரையில அடிச்சுக்கிறப்பெல்லாம் தொண்ட வரைக்கும் வரும், முழுங்கிருவேன். தெரிஞ்சா எம் மூஞ்சியில முழிப்பாரா? அவரு அடிச்சாலும் வாங்கிக்குவேன், எனக்கு வேணும்னு.

மாத்திரையெல்லாம் பெறகு குடுங்க. நீங்க மட்டும் போயிராதீக, இங்கனயே இருங்க. நீங்க இருக்கையிலயே அவருகிட்டச் சொல்லிப்புடுறேன்.

அந்தா வாராரு. மூணு கலரு வாங்கியிருக்காரு மேடம், எனக்கும் சேத்து.