சுண்ணாம்பக்காவின் பெயரில் ஒரு பள்ளம்

தலைமை தாங்கும் வீட்டுவசதித் துறை இயக்குநர் அவர்களே, அவருக்குப் பக்கத்தில் அவரைவிடத் துக்கமாக அமர்ந்திருக்கும் ஒப்பந்தக்காரர் அவர்களே, மேடையில் இடம் கிடைத்த பெரியவர்களே, இடம் கிடைக்காததால் என்னை முறைத்துக்கொண்டிருக்கும் பெரியவர்களே, தகரக் கொட்டகைகளிலிருந்து ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்து பின்வரிசையில் நிற்கும் வீட்டுக்காரர்களே! அனைவருக்கும் வணக்கம்.

என்னைத் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. மறைந்த கட்டட வடிவமைப்பாளரோடு, நம் சுண்ணாம்பக்காவோடு, பல வருடம் வேலை பார்த்த பொறியாளன் நான். அவர் கோடு போடுவார். அந்தக் கோட்டுக்குள் எத்தனை கம்பி போக வேண்டும் என்று நான் சொல்வேன். ஆக, என் தொழிலே கம்பி எண்ணுவதுதான். சிரிக்காதீர்கள். நான் எண்ணுவது தூணுக்குள் இருக்கும் கம்பி. வேறு கம்பி எண்ண வேண்டியவர்கள் வேறு இருக்கிறார்கள். அவர்கள் இன்னும் எண்ண ஆரம்பிக்கவில்லை, அவ்வளவுதான்.

இந்தக் கூட்டத்தில் பேச என்னை ஏன் கூப்பிட்டார்கள் தெரியுமா? "அவன் வாயாடி. ரெண்டு சிரிப்பு சொல்லுவான், நாலு பேர் கண்ணைத் துடைச்சுக்குவாங்க, அப்படியே தீர்மானத்தை வழிமொழிஞ்சுட்டு இறங்கிடுவான்" என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். நியாயமான கணக்குதான். என்ன தீர்மானம் என்பதைப் பிறகு சொல்கிறேன். எனக்கு எப்போதுமே தொப்பை முதலில் வரும், விஷயம் பின்னால் வரும்.

இந்தப் பதாகையைப் பாருங்கள். "கட்டடக்கலைச் செம்மல்" என்று போட்டிருக்கிறார்கள். செம்மலா! எப்போதய்யா கொடுத்தீர்கள்? போன மாதம்வரை இதே துறையின் வாயில் அவருக்கு இருந்த பட்டம் "இடைஞ்சல்". இடைஞ்சல் எப்படிச் செம்மல் ஆனார்? நடுவில் அவர் செய்த சாதனை ஒன்றே ஒன்று. செத்துப்போனார்.

அந்தப் புகைப்படத்தையும் பாருங்கள். அக்காவின் வலது கை எதையோ பிடித்தபடி அந்தரத்தில் நிற்கிறதே, எதைப் பிடித்திருக்கிறார்? ஒரு அட்டையை. அட்டையைக் கத்தரித்துவிட்டார்கள், கையைக் கத்தரிக்க மறந்துவிட்டார்கள். அதில் என்ன எழுதியிருந்தது என்று எனக்குத் தெரியும். எழுதியவனே நான்தான். "பல்லத்தில் வீடு வேண்டாம்." ஆமாம், பிழையோடுதான் எழுதினேன். அக்கா வாசித்துவிட்டுச் சொன்னார்: "பள்ளத்துக்குப் பல்லு முளைக்க வச்சிட்டியே தம்பி. சரி விடு, அது கடிக்கிற பள்ளம்தான்."

தோழர்களே, அவருக்கு "சுண்ணாம்பக்கா" என்ற பெயர் எப்படி வந்தது? வெள்ளம் வடிந்து ஊரே சேறாகக் கிடந்த நேரம். மற்ற நிபுணர்கள் எல்லாம் கணினியில் வீட்டைச் சுழற்றிச் சுழற்றிக் காட்டிக்கொண்டிருந்தார்கள். ஜன்னலில் பூந்தொட்டி, வாசலில் வெள்ளைக்காரக் குழந்தை! அக்கா ஒரு மூட்டை சுண்ணாம்புத் தூளோடு வந்து இறங்கினார். தரையில், வீட்டின் முழு அளவில், சுவர் வரும் இடமெல்லாம் கோடு போட்டார். "உள்ள வாங்க. குடியிருந்து பாருங்க" என்றார்.

குடியிருந்தார்கள்! கோட்டுக்குள் பாய் விரித்துப் படுத்துப் பார்த்தார்கள். இல்லாத அடுப்பில் இல்லாத சோற்றை வடித்தார்கள். நம் ஓட்டுநர், அதோ தூணோரம் ஒளிகிறாரே அவர்தான், கோட்டுக்குள் உட்கார்ந்து மனைவியோடு நிஜமாகவே சண்டை பிடித்துவிட்டார். அந்தம்மா கோபத்தில் விறுவிறுவென்று வெளியே நடந்தார். ஓட்டுநர் கத்தினார்: "யக்கா, பாருங்க! சுவத்துக்குள்ள பூந்து போறா!"

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அக்கா சிரிக்கவில்லை. குனிந்து அந்த இடத்தில் கோட்டை அழித்தார். "அவங்க போன இடத்துலதான் கதவு வரணும். கோவத்துல கால் பொய் சொல்லாது" என்றார். இன்றைக்கும் ஓட்டுநர் வீட்டுக் கதவு அங்கேதான் இருக்கிறது. அந்தம்மா இன்றைக்கும் அது வழியாகத்தான் கோபித்துக்கொண்டு போகிறார்.

அறம் அறம் என்று எனக்கு முன்னால் பேசியவர்கள் ஆளுக்கு ஏழெட்டு முறை சொன்னார்கள். அக்கா வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் கேட்டதே இல்லை. அவர் கேட்டதெல்லாம், "அம்மா, நீங்க எந்தப் பக்கம் தலை வச்சுப் படுப்பீங்க?" என்பதுதான்.

இன்னொன்று சொல்ல வேண்டும். அதோ மூன்றாவது வரிசையில் இருக்கும் தையல்காரம்மாவை உங்களுக்குத் தெரியும். வெள்ளத்துக்குப் பிறகு துறையிலிருந்து கணக்கெடுக்க வந்தவர், கொட்டகை வாசலில் நின்று, "வீட்டுக்காரர் எங்கம்மா?" என்று கேட்டார். நம் மொழியின் அழகைப் பாருங்கள்! வீடு யாருடையதோ அவரும் வீட்டுக்காரர், தாலி கட்டியவரும் வீட்டுக்காரர். தையல்காரம்மா கேட்டார்: "எதைக் கேக்குறீங்க? ஆளையா, வீட்டையா? ரெண்டையும் ஒரே ராத்திரியில தண்ணி கொண்டுபோயிருச்சு." வந்தவர் கொஞ்சமும் அசரவில்லை. "வீட்டில் இல்லை" என்று எழுதிக்கொண்டு அடுத்த கொட்டகைக்குப் போனார். வீட்டில் இல்லாதவருக்கு எப்படி வீடு கொடுப்பது? கொடுக்கவில்லை.

மறுநாள் அக்கா போனார். "நீங்கதானே வீட்டுக்காரர்? சொல்லுங்க, தையல் மெஷின் எந்த ஜன்னலோரம் வரணும்?" என்றார். தையல்காரம்மா அன்றைக்குத்தான் முதல்முதலாக வாய்விட்டு அழுதார் என்று பக்கத்துக் கொட்டகையில் சொன்னார்கள். அன்றிலிருந்து "பயனாளி" என்று யார் சொன்னாலும் அக்கா திருத்துவார். "வீட்டுக்காரர்னு சொல்லுங்க." அமைச்சரையே திருத்தினார். அதற்குப் பிறகுதான் இடைஞ்சல் ஆனார்.

சரி, தீர்மானத்துக்கு வருகிறேன். தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். பாருங்கள் ஐயா, அதுவாவது ஒழுங்காக ஓடட்டும்.

முதல் தெருவை, இதோ இங்கே இருக்கும் நம் கொத்தனாரை வைத்து, அக்கா கட்டினார். மீதிப் பேருக்கு, தையல்காரம்மாவுக்கும் சேர்த்து, மேட்டில் இருக்கும் துறையின் பழைய கிடங்கு நிலத்தைக் கேட்டார். அங்கே என்ன இருக்கிறது? துருப்பிடித்த வண்டிகள். துறை மறுத்துவிட்டது. பதிலுக்கு ஆற்றோரத்தில் ஒரு நிலத்தைத் தேர்ந்தெடுத்து, ஒப்பந்தக்காரர் அவர்களிடம் கொடுத்து, வரிசை வரிசையாகத் தீப்பெட்டி அடுக்கியது. என்ன நிலம் அது? வெள்ளத்தன்று நம் ஓட்டுநர் மீட்புப் படகு ஓட்டிப் போன நிலம்! படகு போன இடத்தில் வீடு! வண்டிகள் மேட்டில், மனிதர்கள் பள்ளத்தில்! வண்டிக்கு இன்னும் துரு பிடித்துவிடக் கூடாதாம். மனிதனுக்குத்தான் துரு பிடிக்காதே, அவன் நேராக மூழ்கிவிடுவான்.

அக்கா அந்த வேலையிலிருந்து விலகினார். வரைபடத்திலிருந்து தன் பெயரை எடுக்கச் சொன்னார். யாரும் அங்கே குடிபோகாதீர்கள் என்று கொட்டகை கொட்டகையாகச் சொன்னார். கேட்டார்கள். கட்டி முடித்த வீடுகள் காலியாகவே கிடந்தன. திறப்பு விழாவுக்குக் கத்தரிக்கோல் தயார், ரிப்பன் தயார், குடியேற ஆள் இல்லை! துறைக்கு இதைவிட அவமானம் வேண்டுமா?

அந்த நேரத்தில்தான் அக்கா கடைசி முறையாக இயக்குநர் அவர்களைப் பார்க்கப் போனார். கிடங்கு நிலத்தைக் கேட்க. வாசல் நாற்காலியில் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தார். "சார் இருக்காரா?" "மீட்டிங்ல இருக்காரும்மா." மத்தியானமும் கேட்டார். "இன்னும் மீட்டிங்தாம்மா." மூன்றாவது முறை அவர் கேட்கவில்லை. தூங்குகிறார் என்று நினைத்து விளக்கை அணைத்துவிட்டுப் போகப் பார்த்திருக்கிறார்கள். இதயம் என்றார் மருத்துவர். இருக்கலாம். அக்காவிடம் இதயம் இருந்தது உண்மைதான். உள்ளே என்ன மீட்டிங் என்று பிறகு விசாரித்தேன். அந்தப் பள்ளத்துக் குடியிருப்பில் ஆளைக் குடியேற்றுவது எப்படி என்ற மீட்டிங்!

வழி கிடைத்துவிட்டது. அந்த வழிதான் இன்றைய தீர்மானம். புதுக் குடியிருப்புக்கு மறைந்த செம்மலின் பெயரைச் சூட்டுவது. அடடா, என்ன பெருந்தன்மை! உயிரோடு இருந்த அக்கா எந்தப் பள்ளத்துக்கு எதிராக நின்றாரோ, அந்தப் பள்ளத்தின் வாசலில் அக்காவின் பெயர்! எலிப்பொறிக்குள் வைக்கிற தேங்காய்ச் சில்லுக்குக்கூட இவ்வளவு மரியாதை செய்து நான் பார்த்ததில்லை.

நேற்றுச் சாயங்காலம் தையல்காரம்மா என்னைத் தேடி வந்தார். "அண்ணே, அங்க அக்கா பேரையே வைக்கிறாங்களாமே. அப்படின்னா அக்கா கடைசியில சரின்னு சொல்லிட்டாங்களா? மெஷினைத் தூக்கிட்டுப் போயிரலாமா?"

"நாளைக்குக் கூட்டத்துக்கு வா தங்கச்சி, அங்க வச்சுச் சொல்றேன்" என்று அனுப்பினேன். இதோ இப்போது, எல்லோர் முன்னாலும் சொல்கிறேன். இல்லை, தங்கச்சி! அக்கா சொல்லவில்லை! செத்தவர் வாயைத் திறக்க மாட்டார் என்ற தைரியத்தில் இவர்களே சொல்லிக்கொள்கிறார்கள்.

ஒரு துண்டுச்சீட்டு வருகிறது. "சுருக்கமாக வழிமொழிந்து முடிக்கவும்." முடிக்கிறேன். தண்ணீர் போகும் வழியில் கட்டியதை வழிமொழிய எனக்கு மொழி இல்லை, தலைவர் அவர்களே. நான் மறுக்கிறேன். வேறு யாராவது வழிமொழிகிறீர்களா? ஓட்டுநரே, நீங்கள்? கொத்தனாரே? இல்லையா? ஒப்பந்தக்காரர் அவர்கள் கையைத் தூக்குகிறார். ஐயா, நீங்கள்தானே முன்மொழிந்தீர்கள்! இரண்டு வாயும் உங்களுடையதாகவே இருந்தால் எப்படி? உட்காருங்கள். தீர்மானம் விழுந்தது.

அக்காவின் வேலை விழவில்லை. நாளைக் காலை கிடங்கு வாசலில், மேட்டில், கோடு போடப்போகிறோம். நான் வருகிறேன், கொத்தனார் வருகிறார், ஓட்டுநர் மனைவியோடு வருகிறார், சண்டைக்குத் தயாராக. காவலர்கள் அழித்தால் மறுபடி போடுவோம். சுண்ணாம்புத் தூள் மலிவு. அந்த மேடு கிடைக்கும்வரை இதுவே எங்கள் வேலை. அக்காமேல் ஆணை!

அடுத்து ஒரு நிமிட மௌனம் என்று நிகழ்ச்சி நிரலில் இருக்கிறது. மௌனம் அக்காவுக்குப் பிடிக்காது. மௌனத்தை எடுத்துப்போய்ச் சம்மதம் என்று எழுதிவிடுவார்கள். அதனால் எழுந்து நில்லுங்கள், ஒவ்வொருவராக உங்கள் பதிலை உரக்கச் சொல்லிவிட்டு உட்காருங்கள். பள்ளத்துக்குப் போகிறீர்களா, இல்லையா?

வீட்டுக்காரரே, மூன்றாவது வரிசை, நீங்கள்தான் முதலில்.