மலைக்கு அந்தப் பக்கம்

— இதுக்குப் பேர் மலையா? யாரோ பழைய துணிமூட்டைய ரயில் மேல போட்டுட்டுப் போயிட்டாங்கன்னு நினைச்சேன்.

— மலைதான் சார். உள்ள தெர்மாகோல், மேல பிளாஸ்டர். நடுவுல குகை.

— பிரமாதம். ‘மலை’ன்னு ஒரு போர்டு எழுதி மாட்டிடுங்க. வர்றவங்களுக்குக் குழப்பம் இருக்காது.

— முதல்ல உக்காருங்க சார்.

— எங்க உக்கார? நான் இருந்தப்ப இந்த மூலையில ஒரு ஸ்டூல் கிடந்துது. அதையும் மாத்தியாச்சா? பரவாயில்ல, புருஷனையே மாத்தின வீடு.

— வந்து... உங்களுக்குச் சங்கடமா இருந்தா...

— எனக்கென்ன சங்கடம், புது மாப்பிள்ளை? பொண்டாட்டியோட பழைய புருஷனுக்கு ஃபோன் போட்டு, ‘நீங்க விட்டுட்டுப் போன பொம்மை ரயிலுக்கு மலை செய்யறோம், பாதியில நின்னுபோச்சு, வந்து பாருங்க’ன்னு கூப்பிட்ட மகராசன் நீங்கதான்.

— கல்யாணமாகி ஆறு வருஷமாச்சு சார். இன்னும் புது மாப்பிள்ளைங்கறீங்க.

— எனக்கு நீங்க என்னிக்கும் புதுசுதான். அது கிடக்கட்டும், தரையில என்ன கொட்டி வெச்சிருக்கு?

— டீத்தூள். வடிகட்டினத வெயில்ல காயவெச்சு, கோந்து தடவித் தூவினது. அசல் மண்ணு மாதிரியே இருக்கும்.

— ஓகோ. அதான் ஸ்டேஷனுக்குள்ள நுழைஞ்சதும் டீக்கடை வாசனை. புதரெல்லாம்?

— பாத்திரம் தேய்க்கற ஸ்பாஞ்சு சார். பிச்சுப்போட்டு மிக்ஸியில அடிச்சு, பச்சைச் சாயத்துல ஊறவெச்சது.

— மிக்ஸியிலயா! நான் அந்த மிக்ஸி பக்கம் போனாலே வீட்டுல கலவரம் வெடிக்கும். உங்களுக்கு நல்ல செல்வாக்குதான் போங்க. ஐயோ, இந்தப் பசு!

— கொஞ்சம் பெருசாயிடுச்சு. வாஸ்தவம்.

— கொஞ்சமா? இது குறுக்க வந்தா ரயில்தான் சாகும். சரி, ஆத்துல ஓடறது என்ன, தலைக்குத் தடவற ஜெல்லா?

— ரெசின் சார், கண்ணாடி மாதிரி இறுகற பசை. மொத்தமா ஊத்தினா வெடிப்பு விட்டுடுது. ஒரு படலம் ஊத்திக் காயவிட்டு, மறுநாள் இன்னொரு படலம்...

— ம்.

— என்ன சார்?

— ஒண்ணுமில்ல. அடியில கூழாங்கல் தெரியுது.

— தெரியுது சார்.

— கரையோரம் பாசி. அங்க ஒரு கொடியில சட்டை காயுது. அந்தத் தண்டவாளத்துக்குத் துரு நிறம் அடிச்சிருக்கே, எஞ்சின் வந்து நிக்கற இடத்துல மட்டும் எண்ணெய்க் கறை. நெசமான ஸ்டேஷன்ல போய் உக்காந்து உத்துப் பாத்தவங்களுக்குத்தான் இது தெரியும். பசு விஷயத்துல உங்கள மன்னிச்சுடலாம்யா.

— வந்து... சார்...

— கூச்சப்படாதீங்க. இது வாசல்ல நுழையாதுன்னு நான் விட்டுட்டுப் போனப்ப வெறும் பலகையும் தண்டவாளமும்தான். ஓரமா ஒரு மரம் வெக்கட்டுமான்னு அவ கேட்டா ஒரு தடவ. ரயிலப் பத்தித் தெரியாதவங்க கை வெக்காதீங்கன்னேன். அப்புறம் இந்த ரூம் பக்கமே எட்டிப் பாக்கல. ரயில்னாலே அவளுக்கு ஆகாது. உங்கள மட்டும் எப்படி விட்டா?

— நான் செய்யல சார்.

— பின்ன?

— கோந்து கலக்கறது, டீத்தூள் காயவெக்கறது, அதோட என் வேலை முடிஞ்சுது. மத்ததெல்லாம் அவங்கதான். பசு உட்பட.

— அடப்பாவி மனுஷா! வந்ததும் சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?

— சொல்லக் கூடாதுன்னு உத்தரவு. சொன்னா மரியாதைக்குப் பாராட்டிட்டுக் கிளம்பிடுவீங்களாம்.

— ஏங்க... ரெண்டு பேரும் திரும்ப வேணாம், நான் கூப்பிட்டது இவரத்தான். அவருக்குத் தண்ணியாவது குடுத்தீங்களா? வந்ததுலேருந்து வாய் ஓயல, தொண்டை வறண்டிருக்கும்.

— நீ... எப்ப வந்த?

— கதவுக்குப் பின்னாடியேதான் நிக்கறேன். நல்லாப் பொழுது போச்சு.

— ஆறு நல்லாயிருக்கு. அந்தக் கறையெல்லாம் ரொம்ப... நிஜமாத்தான் சொல்றேன்.

— பாருங்க, ஆரம்பிச்சாச்சு. இதுக்குத்தான் சொல்லாம கூப்பிடச் சொன்னேன்.

— இவ்வளவும் தெரிஞ்சவளுக்கு நான் எதுக்கு? மலைக்கு அந்தப் பக்கம் மட்டும் ஏன் கம்பியும் காகிதமுமா அரைகுறையா நிக்குது? அலுத்துப் போச்சா?

— போன மாசம் ஒரு நாள் நான் எழுந்தேன், என் வலது கை எழுந்திருக்கல. பழையபடி அசைவு வந்துடும்னு டாக்டர் சொல்லிட்டே இருக்கார். இவருக்கு மனசு தங்கம், விரல் மரக்கட்டை. எங்களுக்கு ஒரு கை குறையுது... வர்றீங்களா?