தீக்குச்சித் தலையளவு துளை

இன்றைக்குப் பள்ளுருத்தியிலிருந்து வந்த பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது, சார். இறங்கி ஒரு சாயாவும் குடித்துவிட்டுத்தான் ஸ்டேஷன் படியேறினேன். களைப்பில் உளறினான் என்று பின்னால் யாரும் சொல்லிவிடக் கூடாது. பெயர் சுப்புராஜ். பிளம்பர். சொந்த ஊர் ராஜபாளையம் பக்கம். கொச்சிக்கு வந்து இருபது வருஷம் ஆகிறது. அதில் பதினொரு வருஷம் இறால் கம்பெனியில் உப்புத்தண்ணீர்க் குழாய் பார்த்தவன்.

மட்டாஞ்சேரியில் மிளகு வியாபாரி வெங்கிடேஸ்வரன் வீட்டில் செவ்வாய்க்கிழமை நடந்ததற்கு, ‘குழாய் வேலையில் குறைபாடு’ காரணம் என்று நீங்கள் சொன்னதாகப் பத்திரிகையில் படித்தேன். அந்த ஒரு வரியைத் திருத்தத்தான் வந்திருக்கிறேன்.

அவருக்குப் பவழத்தொட்டி ஆசை வந்தது எண்பத்தொன்றில். பம்பாய் ஓட்டல் ஒன்றில் பார்த்துவிட்டு வந்தார். யானைத் தந்தம், டச்சுக்காரன் கடிகாரம் எல்லாம் வீட்டில் ஏற்கெனவே இருந்தன. உயிருள்ள பெருமை ஒன்றுதான் பாக்கி. லட்சத்தீவு படகுக்காரர்களிடம் சொல்லிப் பவழம் வரவழைத்து, கண்ணாடித் தொட்டியில் போட்டு, ஊதுபத்தி ஏற்றிவைத்தார். ஒன்பதாம் நாள் எல்லாம் வெளுத்து, யூதர் தெரு, அந்த ஜூ டவுன் முனைவரை நாறியது. இரண்டாம் தடவையும் அதே கதை. அப்புறம்தான் எனக்கு ஆள் அனுப்பினார்.

பவழம் கல் இல்லை, சார். நடக்க முடியாத உயிர். அதற்குச் சோறும் மூச்சும் தண்ணீர்தான் கொண்டுவர வேண்டும். ஒரே பக்கமாக அடித்துக்கொண்டிருந்தாலும் அது பிழைக்காது. அலை போக வேண்டும், வர வேண்டும். நான் நான்கு ஞாயிற்றுக்கிழமை கோட்டைக் கடற்கரைப் பாறையில் உட்கார்ந்து அதைப் பார்த்தேன். பிறகு காகிதத்தில் வரைந்தேன். மேல்தொட்டியில் நிரம்பி வழிகிற தண்ணீர் கீழே சிமெண்டுத் தொட்டிக்கு வரும். அங்கிருந்து பம்பு அதை மேலே ஏற்றும். பழைய பஸ் ஒன்றின் வைப்பர் மோட்டாரைப் பல்சக்கரம் போட்டு மெதுவாக்கி, அதை வைத்து வால்வைத் திருப்பினேன். ஆறு நிமிஷம் இடது மூலையிலிருந்து ஓட்டம், ஆறு நிமிஷம் வலது மூலையிலிருந்து. இரும்பு, பித்தளை எதுவும் தண்ணீரில் படாது. பவழம் பிழைத்தது. மூன்றாம் மாதம் புதிதாகத் துளிர்த்தது.

அந்த வேலையில் ஒரு சின்ன துளை இருந்தது. தண்ணீர் ஏறுகிற குழாயில், நீர்மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே, தீக்குச்சித் தலையளவு. கரண்ட் போனால் பம்பு நிற்கும். மேலே உள்ள தண்ணீர் அதே குழாய் வழியாகத் திரும்பிக் கீழே இறங்கப் பார்க்கும். மட்டம் நாலு விரல் இறங்கியதும் அந்தத் துளை காற்றை உறிஞ்சி ஓட்டத்தை அறுத்துவிடும். துளை இல்லையென்றால் மேல்தொட்டியில் பாதி கீழே வந்து தரையில் வழியும். இதை அவரிடம் இரண்டு தடவை விளக்கினேன். அவருக்கு அது ஒரு ஒழுகலாகவே தெரிந்தது. “அந்த ஓட்டையை அடைச்சுடுடா, வர்றவா கண்ணுக்கு அசிங்கமா இருக்கு” என்பார். இதையும் எழுதிக்கொள்ளுங்கள். அடைக்கச் சொன்னவர் அவர்.

தொட்டி இருந்த அறையை அவர் சன்னிதி ஆக்கிவிட்டார். கலெக்டரானாலும் செருப்பைக் கழற்றித்தான் வர வேண்டும். கரண்ட் போய் வந்ததும் பம்பின்மேல் கை வைத்துப் பார்க்கச் சொல்லிக்கொடுத்தது நான். அதிர்ந்தால் ஓடுகிறது, அவ்வளவுதான் விஷயம். அவரோ கண்ணை மூடிக்கொண்டு, விருந்தாளிகளிடம் “கடலோட நாடி பாக்கறேன்” என்பார். ஆலுவாவிலிருந்து வந்த ஒரு பெண்மணி கும்பிடவே செய்தாள்.

பிறகு எர்ணாகுளத்தில் ஒரு சங்கத்தில் பேசினார், ‘நான் கட்டிய கடல்’ என்று. பத்திரிகையில் படம் வந்தது. அவர், தொட்டி, ஓரத்தில் ஒரு முழங்கை. முழங்கை என்னுடையது. என் வரைபடத்தை வேறு ஆளை வைத்து அழகாக வரையச் செய்து, கீழே தன் கையெழுத்தைப் போட்டுச் சட்டம் அடித்து மாட்டினார். நான் போய்க் கேட்டேன், மரியாதையாகத்தான். பத்துப் பேர் இருந்தார்கள்.

“நீ பைப் வெச்சாய். தேங்கா ஒடைச்சவன்லாம் மேல்சாந்தி ஆயிட முடியுமோ?” என்றார். பத்துப் பேரும் சிரித்தார்கள்.

அந்த வீட்டில் தரை துடைத்த மாயம்மாள் எங்கள் பள்ளுருத்திக்காரி. அன்றைக்கு அவள் மட்டும்தான் சிரிக்கவில்லை. பின்கட்டில் சாயா கொடுத்துக்கொண்டே சொன்னாள்.

“விடுங்கண்ணே. தாலி கட்டினது நீங்க, போட்டோவுக்கு நிக்கிறது அவரு.”

“உனக்காவது தெரியுதே.”

“எனக்குத் தெரியாதா? நாலு மாசம் நீங்க மல்லாந்து கெடந்த தரைய நான்தானே தொடச்சேன். அந்த பம்பு ஓடினா நாய்க்குட்டி கணக்கா நடுங்குது, பாத்திருக்கீங்களா?”

அவளுக்கு அது எப்படித் தெரியும் என்று நான் அப்போது கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

இந்த வருஷம் மழை பொய்த்தது. தினமும் ஏழிலிருந்து ஏழரை வரை கரண்ட் கட் என்று பேப்பரிலேயே போட்டுவிட்டார்கள். இதைவிட ஒழுங்கான ஏற்பாடு ஒரு மனிதனுக்குக் கிடைக்காது. செவ்வாய்க்கிழமை மதியம் வால்வுக்கு எண்ணெய் போடப் போனேன். துளையை அடைத்தேன், அவர் ஆசைப்பட்டபடி. பம்பின் ஒயர் இணைப்பைத் தரைமட்டத்துக்கு இறக்கிவைத்தேன். பிறகு அது வெறும் தண்ணீர் வேலை. ஏழு மணிக்குத் தண்ணீர் இறங்கும், தரையில் பரவும். அங்கே தரை கருஞ்சிவப்பு, தொட்டி விளக்கு வெளிச்சத்தில் ஈரம் தெரியாது. ஏழரைக்குக் கரண்ட் வரும், அந்தத் தண்ணீருக்குள்ளும். வெறுங்காலோடு ஒருவர் நாடி பார்க்க வருவார்.

விருந்தாளிகள் வராத நாளாகப் பார்த்துத்தான் செய்தேன், சார். சம்பந்தமில்லாதவர்களுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது. நான் ஈவிரக்கம் இல்லாதவன் அல்ல.

ஆனால் பார்க்க ஆள் இல்லாத நாளில் அவர் எதையும் தொடுவதில்லையாம். அந்த வீட்டுக் காவல்காரர் சாவு வீட்டில் சொல்லித்தான் தெரிந்தது. மாடி ஊஞ்சலில் இருந்தபடியே, “மாயம்மா, நாடி பாரு” என்று குரல் கொடுப்பாராம். இரண்டு வருஷமாக அப்படித்தானாம். என் வேலையைத் திருடியவர் அவளுடையதையும் திருடியிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. தானே நாடி பார்ப்பதாக அவர் சொன்ன அந்த ஒன்றை மட்டும் நம்பிவிட்டேன்.

மாயம்மாளின் சாவு வீட்டுக்கு வெங்கிடேஸ்வரன் வந்து, நாற்காலி கொண்டுவரச் சொல்லி உட்கார்ந்தார். “ஒரு கூறுகெட்ட பிளம்பரை நம்பினேன்” என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். நான் மூன்றாவது வரிசையில் நின்றுகொண்டிருந்தேன்.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள், சார். குழாய் வேலையில் ஒரு குறையும் கிடையாது. எத்தனை மணிக்கு, எவ்வளவு தண்ணீர், எந்த இடம் என்று நான் நினைத்தபடியே எல்லாம் நடந்தது. தொட்டியை யோசித்தவனும் கட்டியவனும் நான்தான். செவ்வாய்க்கிழமை அதை வைத்துக் கொன்றவனும் நான்தான்.

இதை நானே வந்து சொல்ல வேண்டியிருப்பதுதான் சங்கடம். அது என் வேலை என்று சாட்சி சொல்ல அந்த வீட்டில் மாயம்மாள் ஒருத்திதான் இருந்தாள்.