எட்டு முறை நீக்கப்பட்டவனின் அஞ்சலி

தலைமை வகிக்கும் ஊராட்சித் தலைவர் அம்சவல்லி அம்மையார் அவர்களே! இத்தனை காலத்தில் முதல் முறையாக ஒரே பெஞ்சில் அமர்ந்திருக்கும் இரு கழகங்களின் கிளைச் செயலாளர்களே! பள்ளிவாசல் ஜமாத்துப் பெரியவர்களே! ‘கடைமடை விவசாயிகள்’ வாட்ஸ்அப் குழுவின் இருநூற்றுப் பன்னிரண்டு உறுப்பினர்களே! கனத்த நெஞ்சோடு சாமிதுரையின் வணக்கம்.

நம் குழுவின் அட்மின், உரக்கடை மீரா உசேன் பாய் மறைந்து பத்து நாளாகிறது. அவரைப் பற்றிப் பேச என்னைவிடத் தகுதியானவன் யார்? அவர் கையால் எட்டு முறை நீக்கப்பட்டவன் நான்! வேறு யாரும் மூன்றைத் தாண்டவில்லை.

சாதாரணக் குழுவா இது? பண்ணை வைத்திருந்தவர்களின் பேரன்களும், அதே பண்ணையில் கூலி உயர்வு கேட்டுக் கொடி பிடித்தவர்களின் பேரன்களும் ஒரே இடத்தில் குட்மார்னிங் சொல்லிக்கொள்ளும் குழு! “ஐயா சொன்னா சரிதான்” என்று ஒருவன் எழுதினால் அது மரியாதையா, குத்தலா? நேரில் என்றால் முகம் காட்டிக்கொடுத்துவிடும். போனில் ஏது முகம்? சந்தேகம் வந்தால் பாய் நீக்கிவிடுவார். நீக்கிய கையோடு மொபட்டில் வீட்டுக்கே வந்துவிடுவார். “என்னய்யா கோவம் உனக்கு? நேரா சொல்லு” என்பார். சொன்னால் மாலைக்குள் திரும்பச் சேர்ப்பார். டீயும் குடித்துவிட்டுத்தான் போவார், நம் வீட்டு டீ!

அந்த வருடம் நினைவிருக்கிறதா? பயிர் கதிர் தள்ளுகிற நேரம். பன்னிரண்டு நாளாக நம் வாய்க்காலில் சொட்டு இல்லை. வயிறெரிந்து, வெடித்துக் கிடந்த வயலைப் படம் எடுத்துப் போட்டுக் கீழே எழுதினேன்: “தண்ணீர் கரைபுரண்டு வந்துவிட்டது. போதும், மதகை மூடுங்கள். அதிகாரிகளுக்கு நன்றி.”

துரைராசு அண்ணன், இதோ முன்வரிசையில் தலையைக் குனிந்துகொண்டிருக்கிறார், படத்தை விட்டுவிட்டு எழுத்தை மட்டும் பாசன அதிகாரிக்கு அனுப்பிவிட்டார். நல்லெண்ணத்தில்தான்! “இந்தப் பய நன்றி சொல்லக்கூட கத்துக்கிட்டானேன்னு சந்தோஷப்பட்டேன்” என்றார். நமக்கென்று அன்று காலையில்தான் மதகைத் திறந்திருக்கிறார்கள். தண்ணீர் பாதி வழி வந்துகொண்டிருந்தது. எனக்கு அது தெரியாது. மாலைக்குள் மூடிவிட்டார்கள்!

பாய் என்னைத் திட்டினாரா? இல்லை. நீக்கினார். பிறகு மொபட்டில் என்னையும் ஏற்றிக்கொண்டு அலுவலகத்துக்குப் போனார்.

“சார், இது நக்கல் சார்.”

“நன்றின்னுல்ல போட்டிருக்கு?”

“அதுதான் சார் நக்கலே.”

“அப்படின்னா எழுதிக் குடுங்க.”

எழுதினார்! “மேற்படி நன்றி உண்மையான நன்றி அல்ல என்று இதன்மூலம் சான்றளிக்கிறேன்.” கீழே உரக்கடை முத்திரை! மறுநாள் மதகு திறந்தது, பயிர் பிழைத்தது. பாய்க்கு இந்த ஊரில் ஒரு குழி நிலம்கூடக் கிடையாது என்பதை நாம் மறக்கலாமா?

அப்பேர்ப்பட்ட மனிதர் கடையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தபோது பக்கத்தில் இருந்தவன் நான். “நம் அட்மின் காலமானார். மாலையில் அடக்கம்” என்று குழுவில் போட்டவனும் நான். என்ன வந்தது? நாற்பத்தோரு சிரிப்புப் பொம்மை! “ஒம்பதாவது தடவை நீக்கப் போறாருடா” என்று ஒருவர். நம் குழுவிலிருந்து அடக்கத்துக்கு வந்தவர்கள் ஏழே பேர். உங்கள்மேல் குற்றமில்லை. என் சொல்லுக்கு இருந்த மதிப்பு அவ்வளவுதான். அன்று எனக்கு வெட்கமாக இருந்தது.

பாயின் போனிலிருந்து அவர் துணைவியார் நூர்ஜஹான் அம்மையார் இப்போது என்னை அட்மின் ஆக்கியிருக்கிறார். இந்தச் சபையில் உறுதி சொல்கிறேன்: யாரை நீக்கினாலும் அன்றைக்கே அவர் வீட்டு வாசலில் நிற்பேன்!

இன்னும் ஒன்று. அந்த நாற்பத்தோரு சிரிப்பும் பாயின் போனில் அப்படியே இருக்கிறது. நேற்று அவர் மகள் நஃபீசா வந்தாள். “மாமா, ஏன் எல்லாரும் சிரிச்சாங்கன்னு உம்மா கேக்குறாங்க” என்றாள். “நாளைக்கு நானே வந்து சொல்றேன்” என்று அனுப்பிவைத்தேன்.

கூட்டம் முடிந்ததும் அந்த வீட்டுக்குப் போகிறேன். சிரித்தவர்கள் என்னோடு வாருங்கள். துக்க நாள்கள் முடியும்வரை அம்மையார் வெளியே வரமாட்டார். வாசலில் நின்று, உள்ளே இருப்பவருக்குக் கேட்கும்படி, ஏன் சிரித்தீர்கள் என்று உங்கள் சொந்தக் குரலில் சொல்லுங்கள். முதலில் நான் சொல்கிறேன்.